ஒட்டுசுட்டானுக்கு அப்பால் ஒரு முன்பள்ளி: வன்னி நாட்குறிப்பு

முதல் நாள்

விடியற்புறம் கட்டுநாயக்காவில் இறங்கினோம். ஒன்பது பேரும் பெட்டிகளுமாக ஒரு வாடகை வானுக்குள் நெருங்கி அமர்ந்து, குருநாகல், அநுராதபுரம், மதவாச்சி வழியாக வவுனியாவுக்கு வந்து சேர்ந்தபோது பிற்பகல் ஆகிவிட்டது. அங்கே சோறு தின்றுவிட்டு மீண்டும் வடக்கே புறப்பட்டோம். ஓமந்தையை வான் வேகம் குறைக்காமலே கடந்தது. 2002ஆம் ஆண்டு, போரால் மூடிக் கிடந்த ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது, அதே இடத்திலிருந்த சோதனைச் சாவடியில் பொதிகளைத் தூக்கிக்கொண்டு மணிக்கணக்காக வரிசையில் நின்றவன் நான். பின் இருக்கையில் இருந்த பிள்ளைகளுக்கு அதைச் சொன்னேன். ரொறன்ரோவில் பிறந்த அவர்கள் கண்ணாடியால் எட்டிப் பார்த்தார்கள். அங்கே பார்ப்பதற்கு எதுவும் இல்லை. புளியங்குளம், கனகராயன்குளம் தாண்டி மாங்குளத்தில் வலப்புறம் திரும்பி முல்லைத்தீவு வீதியில் ஏறியதும் இருபுறமும் பாலையும் வீரையும் அடர்ந்த காடு தொடங்கியது.

எதற்காக வந்திருக்கிறோம் என்பதை இன்றே எழுதிவிடுகிறேன். ரொறன்ரோவில் உள்ள எங்கள் கத்தோலிக்கப் பங்கு மக்கள் இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்த பணத்தில், ஒட்டுசுட்டானுக்கு அப்பால் உள்ள ஒரு சிறு கிராமத்தில் பள்ளிக்கூடம் ஒன்று கட்டப்படுகிறது. பள்ளிக்கூடம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டாலும் அது முன்பள்ளிதான். வடக்கில் மிசனும் கல்வியும் சேர்ந்தே வந்தவை: அமெரிக்க மிசனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள், 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கியது, 1847இல் அமலமரித் தியாகிகள் சபைக் குருமார் இலங்கைக்கு வந்து பின்னர் வடக்கெங்கும் கோவிலும் பள்ளியுமாகக் கட்டினார்கள். 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. இன்று முதலாம் வகுப்பிலிருந்து பிள்ளைக்கு அரசாங்கப் பாடசாலை உண்டு. அதற்கு முந்திய இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குத்தான் ஊரே வழி பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தக் கிராமத்தில் 23 பிள்ளைகள் நான்கு பக்கமும் திறந்த ஒரு தகரக் கொட்டகைக்குள் பாடம் படிக்கிறார்கள். வெயில் காலத்தில் பத்து மணிக்கு மேல் அதற்குள் இருக்க முடியாது. மாரியில் ஒரு நாளும் இருக்க முடியாது.

இரண்டாம் நாள்

அத்திவாரக் கல் வைக்கும் சடங்குக்கு நாங்கள் ஆயத்தமாகவே வந்திருந்தோம். எங்கள் பங்குத்தந்தை அனுப்பிய வாழ்த்துச் செய்தியும் ஒரு பட்டுத்துணியும் என் பெட்டியில் இருந்தன. காலையில் காணிக்குப் போய்ப் பார்த்தால் அத்திவாரம் முழுவதும் கட்டி முடிந்து, மேலே ஈரம் ஏறாமல் தார் பூசிய படையும் இட்டிருந்தார்கள். நான் திகைத்து நின்றதைக் கண்ட ஊர்ப் பெரியவர் ஒருவர், “ஆடியிலை ஆர் தம்பி கல்லு வைக்கிறது?” என்று கேட்டார். ஆடி பிறக்க ஒரு நாள் இருந்தது. ஆனியிலேயே நல்ல நாள் பார்த்து, பிள்ளையாருக்குப் பொங்கி, நவதானியமும் ஒரு நாணயமும் இட்டுக் கல்லை வைத்திருக்கிறார்கள். இங்குள்ள பங்குத்தந்தையும் அன்று வந்து புனித நீர் தெளித்துச் செபித்திருக்கிறார். கிராமத்தில் பெரும்பாலானோர் சைவர்கள். கத்தோலிக்கக் குடும்பங்கள் ஏழோ எட்டோதான்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. படம் எடுத்து அனுப்புவதாகப் பங்கு மக்களுக்குச் சொல்லியிருந்தேன். ஆனால் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டு யோசித்தபோது, அந்தச் சடங்கு எங்களுக்காகக் காத்திருந்திருந்தால்தான் பிழை என்று பட்டது. கல் வைத்தவர்களுடைய பிள்ளைகள்தான் அதற்குள் இருந்து படிக்கப் போகிறார்கள்.

கட்டடத்தின் தலைமை மேசன் அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர். இளையவர்களை அழைத்து, அத்திவாரத்தின் மூலைமட்டத்தைச் சரிபார்த்துக் காட்டினார். நீளம் 24 அடி, அகலம் 18 அடி. எதிர் மூலைகளுக்கு இடையில் நாடாவைப் பிடித்தால் சரியாக 30 அடி வரவேண்டும், வந்தது. மற்ற இரு மூலைகளுக்கும் பிடித்தார், அதுவும் 30. எங்களோடு வந்திருக்கும் பொறியியல் மாணவி உடனே கணக்கைப் பிடித்துக்கொண்டாள்: மூன்று, நான்கு, ஐந்தை ஆறால் பெருக்கியிருக்கிறார். அளவு தெரிந்தெடுக்கும்போதே அதை மனதில் வைத்துத்தான் 24க்கு 18 என்று வகுத்தாராம். “அடியிலை ஒரு நூல் பிசகினால் கூரையிலை ஒரு சாண் பிசகும், பிள்ளை” என்று அவளிடம் சொன்னார்.

மூன்றாம் நாள்

ஆடிப்பிறப்பு. காலையிலேயே இரண்டு வீடுகளில் இருந்து ஆடிக்கூழும் கொழுக்கட்டையும் வந்துவிட்டன. வறுத்த பயறும் தேங்காய்ச் சொட்டும் மிதக்க, பனங்கட்டியின் நிறத்தில் இருந்த கூழைப் பிலாவிலைக் கரண்டியால் அள்ளிக் குடித்தோம். பிள்ளைகள் சிலர் காட்டோரத்திலிருந்து ஒரு பை நிறையப் பாலைப்பழம் கொண்டுவந்து தந்தார்கள். அதன் பால் உதட்டில் ஒட்டிக்கொண்டு எளிதில் போவதில்லை என்பதை எங்கள் இளையவர்கள் மத்தியானம் வரை உணர்ந்தார்கள்.

எங்களுக்குரிய வேலையை மேசன் பிரித்துக் கொடுத்தார். கல் அடுக்குவது எங்களுக்கு இல்லை. மணலை அரிதட்டில் அரிப்பது, கலவை குழைப்பது, தாச்சியில் சுமந்து கொடுப்பது, கிணற்றில் அள்ளிக் கற்களையும் கட்டிய சுவரையும் நனைப்பது ஆகியவையே எங்கள் பங்கு. கரண்டி பிடித்துச் சுவர் எழுப்புவோம் என்று எதிர்பார்த்து வந்த இளைஞன் ஒருவன் சற்று முகம் வாடினான். அவனை நான் தனியே அழைத்துச் சொன்னது இதுதான்: இந்த ஊரில் மூன்று மேசன்மாரும் அவர்களுக்குக் கைவேலை செய்யும் ஆறு பெண்களும் நாட்கூலிக்கு வேலை தேடுகிறவர்கள், அவர்கள் செய்யக்கூடிய வேலையை நாங்கள் இலவசமாகச் செய்தால் அந்தக் கூலி அவர்களுக்கு இல்லாமல் போகும், ஆகவேதான் சேர்த்த பணத்தில் கூலிக்கென்று பெரிய பகுதியை முதலிலேயே ஒதுக்கினோம். எங்கள் விமானச் சீட்டுக்கு அந்தப் பணத்தில் ஒரு சதமும் தொடவில்லை. ஒன்பது சீட்டுகளின் விலையை இங்கே அனுப்பியிருந்தால் இன்னொரு அறை எழும்பியிருக்கும் என்று ரொறன்ரோவில் ஒரு கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானது. எங்கள் பிள்ளைகள் தம் பெற்றோரின் நாட்டைப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் அது நாங்கள் பெறுவது, கொடுப்பது அல்ல. அதைத் தானக் கணக்கில் சேர்ப்பது நேர்மையாகாது.

சோளகம் பிடித்துவிட்டது. பகல் முழுவதும் தென்மேற்கிலிருந்து உலர்ந்த காற்று நிற்காமல் வீசுகிறது. இந்தக் காற்றில் சீமெந்துச் சாந்து இறுகுவதற்கு முன் காய்ந்துவிடும். காய்ந்த சாந்துக்குப் பிடி இருக்காது, கையால் சுரண்டினாலே உதிரும். அதனால் கட்டிய கல்வரிகளின்மேல் சாக்குகளைப் போர்த்தி, ஏழு நாட்களுக்காவது ஈரம் போகாமல் காக்க வேண்டும். ஆடியில் கிணற்று நீரும் அடியில்தான் கிடக்கிறது.

நான்காம் நாள்

மணல் வரவில்லை. ஆற்று மணல் அள்ளவும் ஏற்றவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். அந்தக் கட்டுப்பாடு தேவையானது. ஆற்றங்கரைகள் அள்ளப்பட்டு இடிந்துபோவதை வரும் வழியில் கண்டோம். ஆனால் எங்களுக்கு மணல் தருவதாக முற்பணம் வாங்கியவர் பத்திரம் இல்லாமலே நாள் குறித்திருக்கிறார். இன்றைய கூலி பெண்களுக்குக் கொடுக்கப்பட்டது. வேலை இல்லாமற்போனது அவர்களுடைய குற்றம் அல்ல.

மணலுக்குக் காத்திராமல் மலசலகூடக் குழியை வெட்டத் தொடங்கினோம். கிணற்றிலிருந்து எழுபது அடி தள்ளி, காணியின் பின் மூலையில் இடம் குறித்திருந்தார்கள். அலவாங்கை நான் எடுத்தபோது, ஒரு பிள்ளையின் தாய் வந்து என்னைத் தடுத்தார். அவர் கண்ணிவெடி அகற்றும் பணியில் உள்ளவர், கணவர் இல்லை, மூன்று பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை இந்த முன்பள்ளியில் படிக்கிறது. இன்று அவருக்கு விடுமுறை. “உங்கை ஒண்டும் இல்லை அண்ணா, எல்லாம் துப்புரவாக்கித் தந்த காணிதான். எண்டாலும் நான் ஒருக்கால் பாத்திட்டு விடுறன்” என்றார்.

குந்தி இருந்து, சருகை ஒதுக்கி, மண்ணைக் கையால் மெல்ல வழித்து, நிறம் மாறும் இடங்களைப் பார்த்தார். எந்தக் கருவியும் அவரிடம் இல்லை. பார்த்துப் பழகிய கண் மட்டுமே. பின்னர் எங்கள் இளையவர்களை வரிசையாக நிறுத்தி, சந்தேகமான பொருள் ஒன்று தென்பட்டால் செய்ய வேண்டியதைச் சொல்லிக் கொடுத்தார்: தொடக் கூடாது; கல் எறியக் கூடாது; நின்ற இடத்திலேயே நின்று, வந்த காலடித் தடத்திலேயே திரும்பி, மற்றவர்களுக்கு அறிவிக்க வேண்டும். அதே பாடத்தைத்தான் முன்பள்ளிப் பிள்ளைகளுக்கும் பாட்டாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களாம். போர் முடிந்தது 2009 மே மாதத்தில். அதற்குப் பின் பிறந்த பிள்ளைகளும் அதைப் படித்துத்தான் காட்டோரம் போக வேண்டியிருக்கிறது.

குழியில் மூன்றடி ஆழத்தில் கிடைத்தது ஒரு துருப்பிடித்த நீர்க்குழாய்த் துண்டு. அவர் அதை எடுத்துப் பார்த்துவிட்டு வேலியோரம் வைத்தார். அதன் பிறகே பொழுதுபடும் வரை வெட்டினோம்.

ஐந்தாம் நாள்

மணல் வந்தது. இன்று சுவர் இரண்டு வரி உயர்ந்தது. இரவு பதினொரு மணிக்குக் காட்டுப்புறத்தில் பெரிய வெடிச்சத்தம் கேட்டு எல்லோரும் எழுந்துவிட்டோம். தோட்டங்களுக்குள் இறங்கும் யானைகளைத் துரத்தக் கொளுத்தும் வெடி அது. எங்களுக்கு இடம் தந்த வீட்டு அம்மா வெளியே வந்து, “யானை வெடி, பயப்பிடாதேங்கோ” என்று மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் அவருடைய கை சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்திருந்தது.

ஆறாம் நாள், ஞாயிறு

திருப்பலிக்குப் பக்கத்துக் கிராமத்துச் சிற்றாலயத்துக்குப் போனோம். கூரையில் பாதி ஓடு, பாதி தகரம். மன்றாட்டில் மழைக்காகவும் காணாமற்போனவர்களுக்காகவும் செபித்தார்கள். காணாமற்போனவர்களின் பெயர்களை ஒவ்வொருவரும் தாமே எழுந்து சொன்னார்கள். அதற்கு நெடுநேரம் எடுத்தது.

திருப்பலி முடிந்ததும், ரொறன்ரோவில் எங்கள் பங்குப் பேரவை கேட்டு அனுப்பிய விடயத்தைப் பங்குத்தந்தையிடம் சொன்னேன்: முன்பள்ளியின் முகப்பில் ஒரு சிலுவையும், உபகாரிகளின் பெயர்கள் பொறித்த பளிங்குக் கல்லும் வைக்க வேண்டும். அவர் உடனே மறுக்கவில்லை. இந்த ஊர் மக்கள் 2009இல் எல்லாவற்றையும் விட்டு ஓடி, செட்டிகுளத்து மெனிக்பாம் முகாமில் கம்பிவேலிக்குள் இருந்து திரும்பி வந்தபோது, உதவி என்று வந்த பலருடைய பெயர்ப்பலகைகள்தான் வீடுகளுக்கு முன் எழும்பின என்றார். சில வீடுகளில் இன்றும் அந்தப் பலகை இருக்கிறது, வீடு முடியவில்லை. “சிலுவை கோவிலிலை இருக்கட்டும். பள்ளிக்கூடத்திலை எல்லாரின்ரை பிள்ளையளும் இருக்கட்டும்” என்றார்.

நான் அவரோடு உடன்படுகிறேன். மதம் மாற்ற வருகிறார்கள் என்ற அச்சம் இந்த ஊரில் இல்லாமல் இல்லை. ஆனியில் பொங்கலும் புனித நீரும் ஒரே கல்லின்மேல் சேர்ந்திருப்பது சிறிய காரியம் அல்ல. முகப்பில் நாங்கள் வைக்கும் எதுவும் அதைக் குலைத்துவிடலாம். இன்று இரவே பேரவைக்கு எழுதுகிறேன். பளிங்குக் கல்லின் செலவில் மலசலகூடத்துக்கு மேல் ஒரு தண்ணீர்த் தொட்டியும், சிறு பிள்ளைகளின் உயரத்துக்கு ஏற்ற இரண்டு மலசலகூடப் பீங்கான்களும் வைக்கலாம். ஆசிரியை முதல் நாளே கேட்டது அவற்றைத்தான்.

மாலையில் கற்சிலைமடுவுக்குப் போய், 1803 ஒக்ரோபர் 31இல் வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனைப் பிரித்தானியப் படையின் கப்டன் வொன் டிறிபேக் தோற்கடித்ததைச் சொல்லும் இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். அங்கே கல் நாட்டியது வென்றவர்களின் தரப்பு. இன்று அங்கே மாலை விழுவது தோற்றவனுக்கு.

எட்டாம் நாள்

நேற்றும் இன்றும் வேலை சுறுசுறுப்பாக நடந்தது. மூன்றரை அடி உயரத்துக்கு அரைச்சுவர் எழும்பிவிட்டது. அதற்கு மேல் காற்றோட்டத்துக்காகக் கம்பி வலை. மூலைகளிலும் நடுவிலும் கொங்கிறீற் தூண்கள். தூணுக்கான கலவை ஒன்றுக்கு இரண்டு, நான்கு: ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு சல்லி. தண்ணீரை எவ்வளவு கூட்டுகிறோமோ அவ்வளவு குழைக்க இலகு, அவ்வளவுக்குத் தூண் பலவீனம். களைத்த கை தண்ணீரைத்தான் தேடும். மேசன் தண்ணீர் வாளியைத் தன் காலடியிலேயே வைத்திருந்தார்.

பின்னேரம் கூரையைப் பற்றிக் கூட்டம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துப் பெண்களும் பெற்றோரும் புளியமரத்தடியில் கூடினார்கள். ஓடு குளிர்மையானது, ஆனால் குரங்குகள் பாய்ந்து உடைத்துவிடும். கூரைச் சீற் மலிவு, குரங்கு உடைக்காது. ஆனால் ஆடி, ஆவணி வெயிலில் உள்ளே பிள்ளை இருக்க முடியாது. “ஓட்டுக்குக் கீழை இருந்தால்தான் பிள்ளையள் பதினொரு மணி மட்டும் பொறுப்பினம்” என்றார் ஆசிரியை. குரங்கு எங்கிருந்து பாயும் என்ற கேள்வி வந்தது. எல்லோரும் நிமிர்ந்து, தாங்கள் இருந்த மரத்தையே பார்த்தார்கள். கட்டடத்துப் பக்கம் நீண்டிருக்கும் இரண்டு கொப்புகளை மட்டும் வெட்டுவது, மரத்தை விடுவது, கூரைக்கு ஓடு போடுவது என்று முடிவாயிற்று. நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசவேண்டிய இடமும் அது அல்ல. ஓட்டைத் தாங்கும் கைமரத்துக்குப் பனை வேண்டும். பனை தறிக்க அனுமதி வேண்டும். அதைக் கிராம அலுவலர் மூலம் எடுப்பதாகச் சங்கத் தலைவி பொறுப்பேற்றார்.

பத்தாம் நாள்

இன்று வேலை முடிந்தபின் ஆசிரியையுடன் நெடுநேரம் பேசினேன். கட்டடத்தைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. அவருக்குக் கிடைக்கும் மாதாந்தக் கொடுப்பனவு, ஒரு மேசனுக்குக் கைவேலை செய்யும் பெண் ஒரு கிழமையில் உழைக்கும் கூலிக்கு அருகில்தான் வருகிறது. பெற்றோர் தரும் சிறு தொகையும் அறுவடைக்குப் பிந்திய மாதங்களில் மட்டும் ஒழுங்காக வரும். அவருக்கு முன் இருந்த ஆசிரியை ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்விட்டார். அதனால் ஐந்து மாதம் கொட்டகை மூடிக் கிடந்தது. “நான் நிண்டிடுவன் அண்ணை. ஆனால் என்ரை வீட்டிலையும் அடுப்பு எரியவேணும்” என்று அவர் சொன்னபோது குரலில் முறைப்பாடு எதுவும் இருக்கவில்லை.

இரண்டு ஆண்டுகளாக நாங்கள் சேர்த்த பணத்தில் கல்லுக்கும் கம்பிக்கும் ஓட்டுக்கும் கணக்கு இருந்தது. இதற்கு ஒரு வரியும் இருக்கவில்லை. சுவரைப் படம் எடுத்துக் காட்டலாம். ஒருவர் மாதந்தோறும் காலை எட்டு மணிக்கு வந்து 23 பிள்ளைகளைக் கவனிப்பதைப் படத்தில் காட்டிப் பணம் சேர்ப்பது கடினம். அதனால்தான் நாங்கள் அதை நினைக்கவில்லை என்று நான் நம்புகிறேன், அது எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது. இரவு ஒன்பது பேரும் கூடிப் பேசினோம். ரொறன்ரோ திரும்பியதும் மூன்று ஆண்டுகளுக்கு ஆசிரியையின் கொடுப்பனவோடு சேர்க்க ஒரு தொகையை மாதந்தோறும் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு அனுப்புவது என்று ஒவ்வொருவரும் தம் பங்கைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டோம். சுவர் கட்டக் கிடைக்காமல் முகம் வாடிய இளைஞன்தான் முதலில் எழுதினான்.

பன்னிரண்டாம் நாள்

நாளை விடிய நான்கு மணிக்குப் புறப்படுகிறோம். தூண்கள் முழு உயரத்துக்கு நிற்கின்றன, குழிக்குக் கல் கட்டி மூடியாகிவிட்டது, கூரை இல்லை. கட்டி முடித்துத் திறப்புவிழா கண்டு திரும்புவோம் என்று நினைத்தவர்களுக்கு இது குறையாகத் தெரியலாம். தூண் நன்றாக இறுகாமல் கூரைப் பாரத்தை ஏற்றக் கூடாது என்று மேசன் சொல்லிவிட்டார்.

ஈரம் காக்கும் முறையைச் சங்கப் பெண்கள் வீட்டுக்கு ஒரு நாளாகப் பிரித்து எழுதிக் கொட்டகைத் தூணில் ஒட்டியிருக்கிறார்கள். காலையில் பத்து வாளி, பின்னேரம் பத்து வாளி. நாளைய பெயர் கண்ணிவெடி அகற்றும் பணிக்குப் போகும் அந்தத் தாயினுடையது. வேலைக்குப் போகும் வாகனம் ஐந்தரைக்கு வரும் என்பதால் அதற்கு முன் வந்து ஊற்றுவதாகச் சொன்னார்.

கணக்குப் புத்தகத்தைச் சங்கத் தலைவியிடம் பற்றுச்சீட்டுகளோடு ஒப்படைத்தேன். மேசனிடம் விடைபெறப் போனபோது அவர் தூக்குக்குண்டை நூலில் சுற்றிக்கொண்டிருந்தார். “ஓட்டுக் காசை ஆவணி முடியிறதுக்குள்ளை அனுப்புங்கோ தம்பி. புரட்டாதியிலை கைமரம் ஏத்தவேணும். ஐப்பசியிலை மழை துவங்கினால் பிறகு தை மட்டும் ஒண்டும் செய்யேலாது” என்றார். தொகையையும் திகதியையும் அவர் முன்னிலையிலேயே எழுதிக்கொண்டேன்.